ஏழு மூங்கில் கம்புகள்

நிம்லிங் பனியாறு அந்த வருஷமும் முப்பத்தொரு மீட்டர் பின்வாங்கியிருந்தது. அளவு நாடாவின் ஒரு முனையைப் பனியாற்று ஆராய்ச்சியாளர் டாக்டர் செண்பகவல்லி பனியின் நுனியில் வைத்துப் பிடித்திருந்தாள். மறுமுனையில், போன மே மாதம் சிவப்புப் பெயிண்ட் அடித்துவைத்த பாறையருகே, ஊர்த்தலைவர் தோர்ஜே குந்தியிருந்தார். எழுபது வயது மனிதர். மூக்குக் கண்ணாடியை மாட்டி எண்ணைப் பார்த்தார், கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை.

“போர்வை போர்த்தி ஒன்பது வருஷம் ஆகிறது டாக்டர்ஜி. இன்னும் ஏன் கரைகிறது?” என்று இந்தியில் கேட்டார்.

செண்பகவல்லி இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் இருந்தாள். வருஷா வருஷம் வருகிற கேள்வி.

“பனியாறு மெதுவாகத்தான் பதில் சொல்லும் தலைவரே. மேலே விழுகிற பனி இறுகிக் கட்டியாகி, நகர்ந்து நகர்ந்து இந்த நுனிக்கு வந்து சேரப் பல வருஷம் ஆகும். இன்றைக்கு நீங்கள் இங்கே பார்ப்பது இந்த வருஷ வெயிலின் வேலை மட்டும் இல்லை. இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அடித்த வெயில், பெய்யாமல் போன பனி, எல்லாம் இப்போதுதான் கீழே வந்து சேர்கிறது. போர்வையின் பலனும் அப்படித்தான் தாமதமாகத் தெரியும்.”

“அப்படியானால் பொறுத்திருக்க வேண்டும்.”

“ஆமாம்.”

அவர் தலையாட்டினார். பதினெட்டு வருஷமாகத் தன் ஊரில் கிடக்கிற படித்த பெண் சொன்னால் அவருக்கு அது போதும். செண்பகவல்லி நாடாவைச் சுருட்டினாள். அவள் சொன்னதில் பனியாறுகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த உண்மைக்குப் பின்னால் அவள் ஒன்பது வருஷமாக ஒளிந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

போர்வை என்று எல்லோரும் சொல்வது ஒரு துணி. வெயிலை அப்படியே திருப்பி அனுப்பி, அடியில் இருக்கும் பனியைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும் வெள்ளைத் துணி. மே மாதம் விரித்து செப்டம்பரில் சுருட்டினால் கரைவது பாதியாகக் குறையும். ஆனால் அதன் நூலைத் திரிப்பது லேசான காரியம் இல்லை. 2068-லும்கூட இமயமலை முழுவதற்கும் சேர்த்து நாற்பது பனியாறுகளுக்குத்தான் துணி இருந்தது. பனியாற்றுக் காப்பு வாரியம் என்று ஒன்றை வைத்து எதைப் போர்த்துவது, எதைக் கைகழுவுவது என்று பட்டியல் போட்டார்கள். கைகழுவப்பட்ட பனியாற்றுக்குக் கீழே ஊர் இருந்தால், தண்ணீர் வற்றுவதற்கு முன்பே அந்த ஊரைக் கிளப்பிக் கீழ்நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது ஒரே ஒரு போர்வை. நிம்லிங்குக்கும், மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கர்சோமுக்கும் போட்டி. நிம்லிங் மெதுவாகக் கரைகிறது, கர்சோம் வேகமாகக் கரைகிறது என்று அளவுகள் சொல்லின. போர்வை நிம்லிங்குக்கு வந்தது. கர்சோமில் நாற்பத்தெட்டு வீடுகளைப் பூட்டினார்கள்.

அன்று மத்தியானம் போர்வை விரிக்கும் ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். துணி பாய் பாயாக வரும். பனி நகர நகரக் கிழியும் என்பதால் பனிமேலேயே உட்கார்ந்து ஒட்டுப்போட்டுத் தைக்க வேண்டும். தையல் கோஷ்டிக்குத் தலைவியாக வந்தவள் முப்பத்துநாலு வயதுப் பெண். மலைக்காரக் கன்னம், சின்னக் கண்கள். பேட்டரி தையல் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராகச் செண்பகவல்லியிடம் வந்து நின்றாள்.

“வணக்கமுங்க மேடம். என்ற பேரு பல்மோங்க. மெஷினை எங்கீங்க வெக்கறது?”

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். கோவில்பட்டியை விட்டு வந்து முப்பது வருஷம் ஆன பிறகு, பதினான்காயிரம் அடி உயரத்தில், ஒரு மலைக்காரப் பெண் வாயிலிருந்து கொங்குத் தமிழ்.

“இதை எங்க பிடிச்சே நீ?”

“திருப்பூருங்க. பனியன் கம்பெனில ஒம்பது வருசம் ஓவர்லாக் டெய்லரா இருந்தனுங்க.”

“இங்க எந்த ஊரு உனக்கு?”

பல்மோ முகட்டைக் காட்டினாள். “அதுக்கு அக்கட்டைங்க. கர்சோம்.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மெஷினைக் கொட்டகையில் வைக்கச் சொல்லிவிட்டு வேலை இருப்பதுபோல உள்ளே போனாள். கர்சோம்காரர்கள் யாரையும் இந்த ஒன்பது வருஷத்தில் அவள் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமல் இருக்க வசதியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ரபீக் தன் பெட்டியோடு பனிமேல் ஏறி இறங்கினான். மேலப்பாளையத்துக்காரன், ராடார் எஞ்சினியர், முப்பது வயது. பட்டியல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தப்படும். அதற்காகப் பனியின் ஆழத்தை நேரடியாக ஊடுருவிப் பார்க்கிற புதுக் கருவியோடு வாரியம் அவனை அனுப்பியிருந்தது. முன்பெல்லாம் அந்த வசதி இல்லை. பழைய சர்வேயில் ஒரு தடவை ஆழம் பார்த்ததோடு சரி. பிறகு வருஷாவருஷம் எவ்வளவு கரைகிறது என்று கம்பு நட்டு அளந்து, அதைக் கழித்துக்கொண்டே வருவார்கள்.

ரபீக் திரையைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தட்டினான். மறுபடி பார்த்தான்.

“எக்கா, என் மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நெனைக்கேன். உங்க கணக்குப்படி எவ்ளோ ஆழம் இருக்கணும்?”

“எண்பத்துநாலு மீட்டர்.”

“நாப்பத்தேழுதான் காட்டுது. நானும் காலையில இருந்து ஆறு எடத்துல வச்சுப் பாத்துட்டேன்.”

அவள் குனிந்து திரையின் எண்ணைப் பார்த்தாள்.

“இருபது வருஷம் முன்ன நூத்திப் பன்னெண்டு. உங்க கம்புக் கணக்குல வருஷத்துக்கு ஒண்ணரை மீட்டர் கூட கரையலை. அப்ப எண்பத்துநாலு சரிதான்,” என்று ரபீக் தனக்குத்தானே கணக்குப் போட்டான். “ஆனா நாப்பத்தேழுன்னா… எக்கா, பனி எவ்ளோ கனமா இருக்கோ அவ்ளோ தாமசமாத்தானே பதில் சொல்லும்? நீங்கதான சொல்லுவிய, ஆழத்தை, நுனியில வருஷத்துக்குக் கரையுத நாலு மீட்டரால வகுத்தா தாமசம் வரும்னு. எண்பத்துநாலுன்னா இருபது வருஷத்துக்கு மேல. நாப்பத்தேழை நாலால வகுத்தா பன்னெண்டுகூட வரலியே. போர்வை போட்டு ஒம்பது வருஷமாச்சு. இந்நேரம் பின்வாங்குறது கொறையவாவது ஆரம்பிச்சிருக்கணும்லா?”

“கொறைஞ்சிருக்கணும்.”

“கொறையலியே. அப்ப இது பதில் சொல்லிட்டு, எக்கா. நமக்குத்தான் கேக்கலை. நான் மெஷினைப் பிரிச்சுப் பாக்கேன். நாளன்னைக்கு ரிப்போர்ட் அனுப்பணும்.”

அவன் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான். கருவி சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் அன்று முழுக்க வீணாகப் பிரித்து வீணாக மாட்டினான்.

நடந்தது இதுதான். பனியில் எட்டு மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு மூங்கில் கம்பை இறக்குவார்கள். பனி கரையக் கரைய கம்பு வெளியே தெரியும். எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு கரைந்திருக்கிறது. கனத்த துளைக்கருவியைச் சுமந்து ஏறுவது பெரும்பாடு என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் புதிதாக நடுவார்கள். எட்டு மீட்டரும் கரைந்துபோனால் கம்பு விழுந்து கிடக்கும். அதை ‘விழுந்தது’ என்று எழுதி முழு எட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனாலோ, யாராவது எடுத்துப் போனாலோ மட்டும் ‘காணவில்லை’ என்று எழுதலாம். அப்போது அக்கம்பக்கத்துக் கம்புகளின் சராசரியைப் போட்டுக் கணினியே கட்டத்தை நிரப்பிக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் நிற்கிற கம்புகள் எவை? குறைவாகக் கரைந்த இடத்தில் இருப்பவைதானே.

பட்டியல் போட்ட வருஷம் நிம்லிங்கில் இருபது கம்புகளில் ஏழு விழுந்து கிடந்தன. செண்பகவல்லி அதற்குமுன் கொஞ்ச காலமாகவே ஒன்றிரண்டைக் ‘காணவில்லை’ என்று எழுதிப் பழகியிருந்தாள். அந்த வருஷம் ஏழையும் அப்படியே எழுதினாள், பிறகு வந்த வருஷங்களிலும் அதையே தொடர்ந்தாள். ஊரின் அறுபத்திரண்டு வீடுகளையும் நினைத்தாள். முதல் குளிர்காலத்தில் அவள் நிமோனியாவில் விழுந்தபோது, தோர்ஜேயின் மனைவி இருபது நாள் பக்கத்திலேயே படுத்துக் கஞ்சி ஊட்டியதை நினைத்தாள். இதையெல்லாம் நினைத்தது உண்மை. தன் பனியாறு பட்டியலில் இல்லாமல் போனால் தன் எட்டு வருஷ ஆராய்ச்சியும் போகும் என்று நினைத்ததும் உண்மை. எது முந்தி வந்தது என்று அவளாலேயே சொல்ல முடியாது. அந்த ஏழு கம்புகளையும் பொறுக்கிவந்து ஒடித்து ஆராய்ச்சி நிலையத்து அடுப்பில் வைத்து எரித்தாள். எரித்த பிறகு அவை உண்மையிலேயே காணவில்லைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படித்தவர்களுக்குச் சப்பைக்கட்டு கட்டச் சொல்லியா தரவேண்டும்?

மறுநாள் அவள் தனியாகப் பனிமேல் ஏறினாள். ரிப்போர்ட் போக ஒரு நாள்தான் இருந்தது. நாற்பத்தேழு என்று போனால் நிம்லிங் பட்டியலிலிருந்து விழும். கருவிக் கோளாறு என்று ஒரு வரி எழுதிவிட்டால், இன்னும் பத்து வருஷத்துக்குப் போர்வை இங்கேயே கிடக்கும். அவளுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. அதற்குப் பிறகு யார் வந்து என்ன கேட்டால் அவளுக்கென்ன? இப்படி யோசிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் யோசித்தாள்.

பல்மோ ஒரு துணிப்பாயின் ஓரத்தைத் தைத்து முடித்துவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்திருந்தாள். புளியோதரை. புளிக்காய்ச்சலைத் திருப்பூரிலிருந்தே பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறாளாம். மூடியில் கொஞ்சம் வைத்து நீட்டினாள். செண்பகவல்லி மறுக்க முடியாமல் உட்கார்ந்தாள்.

“அங்க குடும்பம் இருக்கா பல்மோ?”

“அம்மாளும் தம்பியும் இருக்காங்க. தம்பிக்கு ரெண்டு புள்ளைங்க. அதுங்க தமிழ்தானுங்க பேசுதுங்க.” கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். “எங்கம்மா இன்னும் என்ற கூட முகங்குடுத்துப் பேசறதில்லீங்க.”

“ஏன்?”

“கர்சோம் ஆத்துல கம்பு படிச்சவ நாந்தானுங்க. அந்தப் பக்கம் ஏறி வர ஆளில்லைன்னு ஊர்ல படிச்ச புள்ளை யாருன்னு கேட்டு என்னையச் சேத்துக்கிட்டாங்க. பட்டியல் போட்ட வருசம் ஒம்பது கம்பு விழுந்து கெடந்துச்சு. ஊர்க்காரங்க எல்லாம் வந்து, விழுந்ததைத் தூக்கி நட்டு ஏதாச்சும் ஒரு அளவை எழுதிப்போடு பல்மோன்னாங்க. எங்கப்பாவே வந்து கேட்டாருங்க. நான் மாட்டேனுட்டேன். விழுந்தா முழு நீளமும் எழுதோணும்னு பேப்பர்ல போட்டிருந்துச்சுங்க. அப்படியே எழுதிட்டேன். அடுத்த வருசம் ஊரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.”

“அப்பா?”

“திருப்பூர் வெயிலை ரெண்டு வருசந்தானுங்க தாங்கினாரு.”

செண்பகவல்லி மூடியைப் பனிமேல் வைத்தாள். பல்மோ பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அந்தப் பேப்பரை எழுதினவங்க பேரு கீழ போட்டிருந்துச்சுங்க மேடம். உங்க பேருதான். நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் இந்த வேலைக்கே எழுதிப்போட்டேன். உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. நான் எழுதினது சரிதானுங்களா? எங்கியாச்சும் தப்பாப் படிச்சுட்டனா? பத்து வருசமா மனசுல அறுக்குதுங்க.”

விதிகளை எழுதிய தாள் அது. ஒருநாள் சாயந்திரம் டீ குடித்துக்கொண்டே செண்பகவல்லி எழுதிய ஒன்றரைப் பக்கம். மலை முழுக்க அதை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதை எழுதியவளே கடைப்பிடிக்கவில்லை. முகட்டுக்கு அந்தப் பக்கம் இருபத்துநாலு வயதுப் பெண்ணொருத்தி தன் ஊரையே எதிர்த்து நின்று கடைப்பிடித்திருக்கிறாள்.

“நீ எழுதுனது சரிதான்,” என்றாள்.

பல்மோவின் முகம் சுருங்கி, கண்ணீர் பொலபொலவென்று வந்தது. குனிந்து செண்பகவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். “இது போதுமுங்க. இது போதுமுங்க மேடம்.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சொன்னது உண்மைதான். இவளும் உண்மையைக் கேட்டு ஆறுதல் அடைந்துவிட்டாள். வழக்கம்போல உண்மையில் பாதியோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்த நெற்றியின் சூட்டைக் கையால் தாங்க முடியவில்லை. நன்றி சொல்கிறாளே பாவி என்று இருந்தது.

“கையை விடு பல்மோ. நீ எழுதுனது சரி. நான் எழுதுனதுதான் தப்பு.”

பல்மோ நிமிர்ந்தாள்.

“இங்கயும் விழுந்துது. ஏழு கம்பு. நான் காணலைன்னு எழுதினேன். இந்த ஆறும் உங்க ஆறு மாதிரியேதான் கரைஞ்சுது. உங்க ஆறு இதைவிட ரொம்பக் கனம். போர்வை அங்கதான் வந்திருக்கணும். நான் எழுதுன பொய்யாலதான் இங்க வந்துது.”

எல்லாவற்றையும் சொன்னாள். மென்று விழுங்காமல், பூசி மெழுகாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது பல்மோவின் கண்ணீர் காய்ந்திருந்தது. அவள் எழுந்து மெஷினண்டை போய் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்தாள். தைக்கவில்லை.

“அந்த ஏழு கம்பும் எங்கீங்க?”

“எரிச்சுட்டேன்.”

“ஏழையுமுங்களா?”

“ஆமா.”

“குளிருக்குங்களா?”

“இல்ல.”

பல்மோ துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஒன்பது வருஷமாகக் கர்சோமுக்கு வந்திருக்க வேண்டிய துணி. பிறகு மெஷினின் பேட்டரியைக் கழற்றினாள். “அப்ப இதைத் தெச்சுப் பிரயோசனமில்லீங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஒரு வசவுகூட இல்லை.

அன்று சாயந்திரமே செண்பகவல்லி ரபீக்கிடம் போனாள். அவன் கருவியை மூன்றாம் முறை பிரித்துப் போட்டிருந்தான்.

“மாட்டிரு ரபீக்கு. அதுல ஒரு கோளாறும் இல்ல. நாப்பத்தேழுன்னு எழுது.”

அவள் நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டுக்கொண்டே அவன் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

“எக்கா, ரிப்போர்ட்ல நாப்பத்தேழை மட்டும் எழுதுதேன். அது எப்பிடி வந்துச்சுன்னு யாரு கேக்கப் போறா? பழைய கணக்கெல்லாம் தோண்டணுமா? உங்க பேரு நாசமாப் போயிருமே.”

“கர்சோம் கணக்கு சரின்னு யாராவது சொல்லணும்லா. எழுதிக் குடுக்கேன். பழைய கணக்கையும் சேத்து அனுப்பு.”

ஏழு கட்டங்களிலும் எட்டு எட்டு என்று நிரப்பினாள். அதற்கு முந்தைய, பிந்தைய வருஷங்களையும் திருத்தினாள். பத்து வருஷம் நெஞ்சில் கிடந்த பாரத்தை இறக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இறங்கியதாகவும் தெரியவில்லை.

ஊரில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை தோர்ஜேயின் வீட்டு முன்னறையில் பெரியவர்கள் கூடினார்கள். செண்பகவல்லி நடுவில் உட்கார்ந்து சொன்னாள். தோர்ஜேயின் மகன்கள் ஆறு வருஷத்துக்கு முன்பு நானூறு ஆப்பிள் கன்றுகள் நட்டிருந்தார்கள். போர்வை இருக்கிறது, தண்ணீர் இருக்கும் என்ற நம்பிக்கையில் நட்டவை. அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பூத்திருந்தன. அவர் ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஆற்றில் இன்னும் எத்தனை வருஷத்துக்குத் தண்ணீர் வரும்?”

“பன்னிரண்டு வருஷம். அதில் கடைசி நாலைந்து வருஷம் வயலுக்குப் போதாது.”

“இந்தப் பன்னிரண்டையாவது கூட்டாமல் குறைக்காமல்தான் சொல்கிறாயா?”

இத்தனை வருஷமும் ‘நீங்கள்’ என்று பேசியவர்.

“கூட்டவில்லை.”

“அன்றைக்கே சொல்லியிருந்தால் நாங்கள் அன்றைக்கே அழுது முடித்திருப்போம். என் பிள்ளைகள் மரம் நட்டிருக்க மாட்டார்கள். எங்களைக் காப்பாற்றச் சொல்லி யார் உன்னைக் கேட்டது?”

அந்தப் பக்கத்து வீடுகளில் விருந்தாளியின் தேநீர்க் கோப்பையைக் காலியாக விடுவது வழக்கமில்லை. ஒரு வாய் குடித்தால் உடனே வந்து நிரப்புவார்கள். போதும் என்றாலும் நிரப்புவார்கள். தோர்ஜேயின் மனைவி கெட்டிலோடு ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டே வந்தாள். செண்பகவல்லியிடம் வந்தபோது அவளைத் தாண்டி அடுத்தவருக்குப் போனாள். முகத்தில் கோபம்கூட இல்லை. செண்பகவல்லி காலிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஊட்டிய கை அது. கோவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழுவதற்குத் தனக்கு என்ன பாத்தியதை என்று அடக்கிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் வாரியத்திலிருந்து உத்தரவு வந்தது. மூன்று விஷயங்கள். செண்பகவல்லி வேலையிலிருந்து விலக்கப்படுகிறாள், ஜூன் கடைசிவரை இருந்து பொறுப்புகளை ஒப்படைக்க வேண்டும். இது எதிர்பார்த்ததுதான். போர்வை உடனே கர்சோம் பனியாற்றுக்கு மாற்றப்படுகிறது. இதையும் எதிர்பார்த்தாள், வேண்டிக்கொண்டும் இருந்தாள். மூன்றாவதை எதிர்பார்க்கவில்லை. நிம்லிங் மக்களைக் கீழ்நாட்டுக்கு அனுப்பும் அவசியம் இனி இல்லை. காலியாகக் கிடக்கும் கர்சோம் வீடுகளையும் வயல்களையும் அவர்களுக்கே கொடுக்கலாம், போதாததைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். கர்சோம்காரர்கள்தான் வெளியேறும்போது எல்லா உரிமையையும் விட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்களே.

அவள் ஆட்சேபித்து எழுதினாள். ஒன்றல்ல, நாலு கடிதம். வேலையிலிருந்து விலக்கப்பட்டவருக்குப் பதில் எழுதும் வழக்கம் வாரியத்துக்கு இல்லை. அவளுடைய பொய்யால் ஊரை இழந்தவர்கள் பனியன் கம்பெனியிலேயே இருக்க, அதே பொய்யால் ஒன்பது வருஷம் தண்ணீர் குடித்தவர்களுக்கு அந்த ஊரும் கிடைத்தது. நிம்லிங்காரர்கள்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அவர்களைத் தண்டிக்க வேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தானாகவே எல்லாம் நேராகிவிடும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருந்திருக்கிறாள். அந்த நம்பிக்கையும் ஒரு சொகுசுதான் என்று இப்போது பட்டது.

ஜூன் மூன்றாம் வாரம் கர்சோம் பனிமேல் முதல் பாய் விரிந்தது. அகலமான ஆறு, நிம்லிங்கைப்போல இரண்டு மடங்கு. ரபீக் அளந்து நூற்றிருபது மீட்டர் என்றான். உயிரோடுதான் இருக்கிறது, எக்கா என்று சந்தோஷமாகச் சொன்னான். செண்பகவல்லி ஒப்படைக்கும் வேலைக்காக வந்திருந்தாள். கையில் இனி எந்த வேலையும் இல்லாததால் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். கீழே கர்சோமின் மண் வீடுகள் தெரிந்தன. சிலவற்றில் புகை எழுந்தது. நிம்லிங்கிலிருந்து முதலில் வந்த குடும்பங்கள்.

பல்மோ மெஷினை நிறுத்திவிட்டு அவளிடம் வந்தாள். அன்றைக்குப் பிறகு அவளாக வந்து பேசுவது இதுதான் முதல் தடவை.

“எங்க வீட்டைத் தலைவருக்குக் குடுத்திருக்காங்க. காலையில போய்ப் பாத்தனுங்க. மாட்டுக் கொட்டாய் கூரை உளுந்து கெடக்குது. மழைக்கு முன்ன சரி பண்ணிப்போடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“பல்மோ, நான் எழுதிப் பாத்தேன். அவங்க…”

“தெரியுமுங்க, ரபீக் சொன்னாரு.” போனை எடுத்து நீட்டினாள். “அம்மாளு லைன்ல இருக்காங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

செண்பகவல்லி போனை வாங்கினாள். இந்தியில் மெதுவாகச் சொன்னாள். உங்கள் மகள் எழுதியது அத்தனையும் சரி, பொய் எழுதியவள் நான் என்றாள். எதிர்முனையில் தையல் மெஷின்களின் இரைச்சலும் குழந்தைகள் தமிழில் சண்டை போடுவதும் கேட்டன. அந்த அம்மாள், அவளிடம் கொடு என்று மட்டும் சொன்னாள். பல்மோ போனை வாங்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை.

பல்மோ நின்றபடியே பனியாற்றின் நுனியைப் பார்த்தாள். தண்ணீர் நிறையவே வந்துகொண்டிருந்தது.

“ஒண்ணு கேக்கறனுங்க. ஆறு மெதுவாத்தான் பதில் சொல்லும்னு தலைவருகிட்ட எப்பவும் சொல்லுவீங்களாம். இது நூத்தியிருவது மீட்டருங்க. போர்வை இல்லாம ஒம்பது வருசம் வெயில்ல கெடந்துச்சு. அந்த ஒம்பது வருச வெயிலும் இந்த நுனிக்கு எப்பங்க வந்து சேரும்?”

நூற்றிருபதை நாலால் வகுக்கக் கணினி தேவையில்லை.

“எல்லாம் வந்து சேர முப்பது வருஷம் ஆகும்.”

“இப்பவே போர்த்தியாச்சுங்களே. அதுனால அது நிக்காதுங்களா?”

“குறையும். நிக்காது. பட்டது பட்டதுதான். இன்னும் இருபது வருஷத்துல நுனி திடீர்னு கிடுகிடுன்னு உள்ள போகும். ஒம்பது பத்து வருஷத்துக்குப் போகும்.”

“எவ்வளவுங்க?”

“முன்னூறு மீட்டர். கூடவும் போகலாம்.”

“அப்ப வயலுக்குத் தண்ணி?”

“பாதிதான் வரும்.”

பல்மோ விரலை மடக்கி எண்ணினாள். “அது முடியறப்ப எனக்கு அறுபத்துநாலுங்க. நான் திரும்பிப் போகலீங்க மேடம். கம்பு படிக்க ஆளு வேணும்னு வாரியத்துல கேட்டாங்க, நான் இருக்கேன்னு சொல்லிட்டேன். நிம்லிங்காரங்க கூடத்தான் இருக்கோணும்.” கீழே புகை எழும் வீடுகளைப் பார்த்தாள். “அன்னைக்கு அவங்க பேரப் புள்ளைங்க எல்லாம் கம்பு படிக்கறவகிட்டத்தானுங்க வந்து நிப்பாங்க. போர்வை போட்டிருந்தும் ஏன் கரையுதுன்னு கேப்பாங்க.”

“கேப்பாங்க.”

“நீங்க இருக்க மாட்டீங்க.”

“மாட்டேன்.”

“நாந்தான் சொல்லோணும்,” என்றாள் பல்மோ. கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குச் செய்ய வேண்டிய வேலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு தன் கோஷ்டியைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ சத்தமிட்டுவிட்டு, அடுத்த பாயைப் பிரிக்கப் போனாள்.